பேரு நம்மளுது, பூட்டு அவங்களுது

சார் பதிவாளர் ஆபீஸ் வாசல்ல வெயில்ல உட்கார்ந்து பழக்கப்பட்டவங்க நாம. தாய்ப் பத்திரம் எங்க, வில்லங்கம் போட்டீங்களா, வாரிசுச் சான்று இருக்கா, டோக்கன் நாளைக்குத்தான். இதெல்லாம் நமக்குப் புதுசு இல்ல. ஆனா இன்னொரு வகைப் பதிவாளரும் இருக்காங்கன்னு இந்த வருஷந்தான் நல்லாத் தெரிஞ்சது. அவங்களுக்கு ஆபீஸ் வாசலும் கிடையாது, போய் உட்கார வேப்ப மரமும் கிடையாது.

எங்க குழு பத்தி ஏற்கெனவே எழுதியிருக்கேன். செட்டிகுளம் பக்கத்துல இருந்து ஏழு பேர், அரியலூர் பக்கம் நாலு பேர். சின்ன வெங்காயம், செக்குல ஆட்டின கடலெண்ணெய், ஜெயங்கொண்டம் முந்திரி, இதை எல்லாம் சொந்தமா விக்கறோம். அதுக்கு ஒரு டாட் காம் பேரு வாங்கி வச்சிருக்கோம். ஆர்டர் வர்ற ஈமெயில் அந்தப் பேர்லதான். எண்ணெய் பாட்டில் லேபிள்ல அந்தப் பேருதான். ஐயாயிரம் லேபிள் அடிச்சு வச்சிருக்கு. அந்தப் பேரு போச்சுன்னா லேபிளைக் கிழிச்சு அடுப்புல போட வேண்டியதுதான்.

பேரைப் பதிஞ்சு கொடுத்தவன் என் அக்கா மகன். பெரம்பலூர்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல வேலை பார்த்தப்ப, அவன் பேர்லயும் அவன் ஈமெயில்லயும் பதிஞ்சு கொடுத்தான். இப்ப சிங்கப்பூர்ல இருக்கான். போன கார்த்திகையில அவனே கூப்பிட்டான். "மாமா, நான் அந்த ஈமெயிலை இப்ப பாக்கறதே இல்ல. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உங்க குழு பேரு அந்தரத்துல நிக்கும். உங்க பேருக்கே மாத்திக்கோங்க." நியாயமான பேச்சு. வருஷக் கட்டணமும் ஏறிக்கிட்டே போகுது, முதல் வருஷம் நூறு ரூபாய்க்குக் கொடுத்தவங்க இப்ப வரியோட ஆயிரத்து ஐந்நூறு கேக்கறாங்க. வேற ஒரு கம்பெனில அதே பேரு தொள்ளாயிரம். சரி, பேரையும் குழு பேருக்கு மாத்தி, கம்பெனியையும் மாத்திடலாம்னு முடிவு பண்ணினோம்.

மார்கழி ஆரம்பத்துல உரிமையாளர் பேரும் ஈமெயிலும் மாறிடுச்சு. அவனுக்கு ஒரு மெயில், எங்களுக்கு ஒரு மெயில், ரெண்டு பேரும் சம்மதம்னு அமுக்கினோம், முடிஞ்சது. மறுநாள் கம்பெனியை மாத்தறதுக்கான ரகசிய எண் கேட்டா, திரையில ஒரு பூட்டுப் படம். அறுபது நாள் கழிச்சு வாங்கன்னு ஒரு வரி. பேரு காலாவதி ஆகறது பொங்கலுக்கு ரெண்டு நாள் கழிச்சு. பூட்டு திறக்கறது மாசி ஆரம்பத்துல.

போன் பண்ணினேன். "சார், அது ஐகான் ரூல் சார். சிஸ்டம் அலவ் பண்ணாது. இப்ப எங்ககிட்டயே மூணு வருஷத்துக்கு ரினியூ பண்ணிட்டா ஆஃபர் இருக்கு சார்." அந்தப் பொண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்குது. எழுதிக் கொடுத்தவங்ககிட்டதான் எனக்குக் கேள்வி.

அறுபது நாள்னா நமக்கு என்னன்னு ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. சின்ன வெங்காயம் ஊனினா எழுபது நாள்ல எடுத்துடலாம். கிட்டத்தட்ட ஒரு வெள்ளாமை. ஒரு வெள்ளாமைக் காலம் நம்ம பொருள் அடுத்தவன் பூட்டுக்குள்ள.

அந்தக் கோவத்துல உட்கார்ந்து இந்த விதியைத் தேடிப் படிச்சேன். மகளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, வரி வரியா. படிச்சதுல பாதி எனக்கு நியாயமாவே பட்டது, அதை முதல்ல சொல்லிடறேன்.

இணையப் பேருங்களுக்கு ஐகான்னு ஒரு அமைப்பு இருக்கு, அமெரிக்காவுல கலிபோர்னியாவுல. 1998-ல ஆரம்பிச்சது. டாட் காம் மாதிரிப் பொதுப் பேருங்களை விக்கற பதிவாளர் கம்பெனிங்க எல்லாம் இதுகிட்ட அங்கீகாரம் வாங்கித்தான் விக்கணும். ஒரு கம்பெனில இருந்து இன்னொரு கம்பெனிக்குப் பேரை மாத்திக்கற உரிமை வாங்கினவனுக்கு உண்டுன்னு அவங்க விதி சொல்லுது. அதுக்கு ஒரு ரகசிய எண், அதைத்தான் ஆத் கோடுங்கறாங்க. நம்ம கேட்டா அஞ்சு நாளைக்குள்ள அந்த எண்ணைக் கொடுக்கணும் இல்லேன்னா நாமே எடுத்துக்கற வழி வச்சிருக்கணும். சாதாரணப் பூட்டு போட்டு வச்சிருந்தாலும் அதே அஞ்சு நாள்ல திறக்கணும்.

பூட்டு எதுக்குன்னா, திருட்டுக்கு. பேருங்களைத் திருடறது ஒரு தொழிலாவே நடந்திருக்கு. 1995-ல அமெரிக்காவுல ஒருத்தன் போலிக் கடிதம் ஒண்ணு கொடுத்து அடுத்தவன் பேரைத் தன் பேருக்கு மாத்திக்கிட்டான். அது என்ன பேருன்னு இங்க எழுத எனக்குக் கூச்சமா இருக்கு, ஆபாசப் படம் காட்டற பேருன்னு வச்சுக்கோங்க. கேரி கிரெமென்ங்கறவர்தான் சொந்தக்காரர். பல வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சார். கடைசியில 2003-ல மேல்முறையீட்டு நீதிமன்றம், இணையப் பேரும் ஒரு சொத்துதான், அதை ஏமாத்தி எடுத்துக்கொடுத்தா பதிவாளர் கம்பெனியும் பொறுப்பாக முடியும்னு சொல்லிடுச்சு. இங்கயும் 2004-ல சத்யம் இன்ஃபோவே வழக்குல நம்ம உச்ச நீதிமன்றம் இணையப் பேருக்கு வணிகப் பெயர் மாதிரியே பாதுகாப்பு உண்டுன்னு தீர்ப்புச் சொல்லியிருக்கு.

2005 ஜனவரில இன்னொண்ணு. நியூயார்க்ல பேனிக்ஸ்னு ஒரு பழைய இணையக் கம்பெனி. ஒரு வார இறுதியில அவங்க பேரையே எவனோ ஆஸ்திரேலியக் கம்பெனி ஒண்ணுக்கு மாத்திட்டான். வாடிக்கையாளருங்க ஈமெயில் எல்லாம் வேற எங்கேயோ போச்சு. சனி, ஞாயிறு, போன் எடுக்க ஆள் இல்ல. நம்ம ஊர்ல பத்திரத்துல ஆள் மாறாட்டம் பண்றவனும் லீவு நாள் பார்த்துத்தான் வேலையை ஆரம்பிப்பான்.

அதனால பூட்டே கூடாதுன்னு நான் சொல்லல. புதுசாப் பதிஞ்ச பேரை அறுபது நாளைக்கு மாத்த முடியாது, ஒரு கம்பெனில இருந்து மாறினதும் அறுபது நாளைக்கு மறுபடி மாத்த முடியாதுன்னா, சரி, அதுல ஒரு நியாயம் இருக்கு. திருடினவன் பேரை நாலு கை மாத்தி, தேட முடியாத இடத்துல கொண்டு போய் வச்சிடுவான். மாட்டுச் சந்தையில திருட்டு மாடு கை மாறுற வேகம் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும்.

என் சண்டை மூணாவது பூட்டோட. உரிமையாளர் பேரோ, அமைப்பு பேரோ, ஈமெயிலோ மாறினா விழற அறுபது நாள் பூட்டு. இது 2016 டிசம்பர் 1-லருந்து நடைமுறைக்கு வந்தது. முகவரி மட்டும் மாறினா இது விழாது. அது ஒரு புண்ணியம். இல்லேன்னா அரியலூர்க்காரங்க பாடு என்ன ஆகியிருக்கும்? 1995 வரைக்கும் திருச்சி மாவட்டம், அப்புறம் பெரம்பலூர், 2001-ல தனி அரியலூர், 2002-ல மறுபடி பெரம்பலூரோட சேர்த்தாங்க, 2007-ல திரும்பவும் அரியலூர். ஒரே வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தபடி நாலு தடவை மாவட்டம் மாறினவங்க அவங்க.

இந்த மூணாவது பூட்டு யாரைப் பிடிக்குதுன்னு பாருங்க. அக்கா மகன் பேர்லயே, அவன் பழைய ஈமெயில்லயே விட்டுட்டு, அவன்கிட்ட கோடை மட்டும் வாங்கி மாத்தியிருந்தா ஒரு தடையும் இல்ல. ஒரு வாரத்துல முடிஞ்சிருக்கும். பொருள் யாரோடதோ அவங்க பேர்ல இருக்கட்டும்னு ஒழுங்கா எழுதினதுக்குத்தான் பூட்டு. பட்டாவை இறந்துபோன தாத்தா பேர்லயே வச்சிருக்கறவனுக்கு ஒரு தொல்லையும் இல்ல, முறையா வாரிசு பேருக்கு மாத்தினவனுக்கு ரெண்டு மாசம் விக்கத் தடைன்னு தாசில்தார் சொன்னா நாம என்ன சொல்வோம்? பழைய உரிமையாளரும் புது உரிமையாளரும் ரெண்டு பேரும் சம்மதம் சொன்ன பிறகு விழற பூட்டு இது. ரெண்டு சம்மதமும் போதாதுன்னா அந்த மெயிலை எதுக்கு அனுப்பினாங்க?

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு அதே விதியில இருக்கு. இந்தப் பூட்டு வேணாம்னு முன்கூட்டியே சொல்லிக்க ஒரு வழி கொடுக்கறதுக்கு விதி அனுமதிக்குது. கவனிங்க, கொடுக்கலாம்னுதான் இருக்கு, கொடுக்கணும்னு இல்ல. இந்த ‘லாம்’லதான் எல்லாம் போச்சு. சில கம்பெனிங்க ஒரு கட்டம் வச்சு, பூட்டு வேணுமா வேணாமான்னு கேக்கறாங்க. பல பேர் அதை வைக்கறதே இல்ல. ஆடு தாண்டாம இருக்க வேலி போடச் சொன்னா, படல் வைக்கறது உன் இஷ்டம்னு சொன்ன மாதிரி.

ஆனா ஒரு விஷயத்துல ‘லாம்’ இல்ல. கம்பெனியை மாத்தறதுதான் உங்க நோக்கம்னா, முதல்ல கம்பெனியை மாத்திட்டு அப்புறம் பேரை மாத்துங்க, இல்லேன்னா அறுபது நாள் பூட்டு விழும்னு பேரு மாத்தறதுக்கு முன்னாடியே வாடிக்கையாளருக்குச் சொல்லணும். இது பதிவாளருக்கு விதி போட்ட கடமை. எங்களுக்கு வந்த மெயிலை மறுபடி எடுத்துப் பார்த்தோம். சம்மதம்ங்கற பொத்தான் உள்ளங்கை அகலம். இந்த எச்சரிக்கை எங்கயும் இல்ல. ‘விதிமுறைகளைக் காண்க’ன்னு கடுகு எழுத்துல ஒரு இணைப்பு, அதுவும் இங்கிலீஷ்ல. மகள் அதைத் திறந்து படிச்சா நாப்பது பக்கம். அதைக் காட்டி நான் புகார் எழுதினப்ப, "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு பதில் வந்தது.

கம்பெனிக்கு இதுல நட்டம் ஒண்ணும் இல்ல, லாபம்தான். பூட்டுக்குள்ள காலாவதித் தேதி வந்துட்டா வேற வழியில்லாம அவங்ககிட்டயே புதுப்பிக்கணும். நாங்களும் கட்டினோம், ஆயிரத்து ஐந்நூறு. கட்டாம இருந்தா என்ன ஆகும்? கொஞ்ச நாள் அவகாசம் இருக்கும். அதுக்கப்புறம் முப்பது நாள் மீட்புக் காலம்னு ஒண்ணு, அதுல மீட்கறதுக்குத் தண்டம் தனி. அப்புறம் அஞ்சு நாள்ல பேரு பொதுச் சந்தைக்கு வந்துடும். அப்படி விழற பேரைக் கவ்விக்கிட்டுப் போகறதுக்குன்னே கம்ப்யூட்டர் வச்சு உட்கார்ந்திருக்காங்க, ஏரி வத்தறப்ப கரையில கொக்கு நிக்கற மாதிரி. அவங்ககிட்ட போய் ஐயா எங்க வெங்காயப் பேருன்னு கேட்டா லட்சத்துல விலை சொல்வாங்க. ஆயிரத்து ஐந்நூறு கட்டறதே புத்தி.

இதுல ஒரு நுணுக்கம், காசு மிச்சம் பண்றவங்க கவனிச்சுக்கணும். காலாவதி ஆன பிறகு புதுப்பிச்சுட்டு, அந்த 45 நாளுக்குள்ளயே வேற கம்பெனிக்கு மாத்தினா, கட்டின ஒரு வருஷம் கணக்குல சேராமப் போகும். அதனால தேதிக்கு முன்னாடியே புதுப்பிச்சுட்டு நிதானமா மாத்தறது நல்லது. மாத்தறப்ப டாட் காம் பேருக்கு ஒரு வருஷம் கூட சேர்ந்துக்கும், அதனால முன்கூட்டி மாத்தினா இருக்கற நாள் வீணாப் போகாது. மொத்தம் பத்து வருஷத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

நம்ம நாட்டுல இதைவிட மோசமா ஒண்ணு நடந்திருக்கு. நெட்4 இந்தியான்னு டெல்லிப் பக்கத்துக் கம்பெனி. இந்தியாவுல ஆரம்பக் காலத்துலயே பேரு விக்க வந்தவங்கள்ல ஒருத்தர். சின்னக் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு ஆயிரக்கணக்கானவங்க அவங்ககிட்ட பேரு வாங்கியிருந்தாங்க. கடன் கட்ட முடியாம 2019-ல கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போச்சு, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துல வழக்கு. 2020-ல நிலைமை முத்திப் போச்சு. வாடிக்கையாளருங்க பணம் கட்டியும் பேரு புதுப்பிக்கல. வேற இடத்துக்குப் போறோம், கோடு கொடுங்கன்னா பதிலே இல்ல. போன் போகல. கொரோனா காலம் வேற, நேர்ல போகவும் வழியில்ல. ஆயிரக்கணக்குல புகார் ஐகானுக்குப் போச்சு. அவங்க நோட்டீஸ் மேல நோட்டீஸ் அனுப்பினாங்க. 2021 பிப்ரவரி கடைசியில அங்கீகாரத்தையே ரத்து பண்றோம்னு அறிவிச்சாங்க. தீர்ப்பாயத்துல இழுபறி ஆகி, கடைசியில அந்த வருஷமே டாட் காம் மாதிரிப் பேருங்களை மொத்தமா மும்பைல இருக்கற பிடிஆர்ங்கற பதிவாளர்கிட்ட ஒப்படைச்சாங்க.

அங்க பூட்டு போட்டது விதி இல்ல. சாவி வச்சிருந்தவன் கதவைத் திறக்கல, அவ்வளவுதான். விதிப்படி அஞ்சு நாள்ல கொடுக்க வேண்டிய கோடுக்காக மாசக்கணக்குல நின்னாங்க. வாடிக்கையாளனுக்கு அறுபது நாள்னு கறாராச் சொல்ற அமைப்பு, பதிவாளரை வழிக்குக் கொண்டுவர ஒன்றரை ரெண்டு வருஷம் எடுத்துக்கிச்சு. தீர்ப்பாயம் நடுவுல இருந்தது, திவால் சட்டம் சிக்கல் பிடிச்சதுங்கறதெல்லாம் உண்மைதான், மறுக்கல. ஆனா அந்தச் சிக்கல் நடந்தப்ப எத்தனை கடைக்கு ஈமெயில் நின்னுச்சோ, அதுக்கு யாரும் நட்டஈடு கொடுத்த மாதிரித் தெரியல.

நிலப் பதிவுல இப்ப ஒரு நல்லது நடந்தது பலருக்குத் தெரிஞ்சிருக்கும். மூலப் பத்திரம் காட்டினாத்தான் பதிவேன்னு நம்ம தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ சொல்லிக்கிட்டிருந்தது. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அதை, பதிவுச் சட்டத்துக்கு முரண்னு ரத்து பண்ணிடுச்சு. விக்கறவனுக்கு உரிமை இருக்கா இல்லையான்னு ஆராயறது சார் பதிவாளர் வேலை இல்ல, அதுக்கு சிவில் கோர்ட் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அது போலிப் பத்திரத்துக்கு வழி விடும்னு எங்க ஊர் வக்கீல் ஒருத்தர் கவலைப்படறார், அவர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. ஆனா எனக்கு அதுல பிடிச்சது ஒண்ணுதான்: பதிவாளரோட அதிகாரம் எது வரைக்கும்னு ஒருத்தர் கேட்டார், ஒரு கோர்ட் பதில் சொன்னது. இணையப் பதிவாளர் விஷயத்துல நம்ம ஊர் ஆளு யாருகிட்ட போய்க் கேக்கறது?

ஐகான்லயே இப்ப இதை மாத்தப் பேசியிருக்காங்க. பல வருஷம் உட்கார்ந்து ஆராய்ஞ்ச ஒரு குழு 2025-ல இறுதி அறிக்கை கொடுத்திருக்கு. முதல் ரெண்டு பூட்டையும் அறுபதுல இருந்து முப்பது நாளாக் குறைக்கலாம், பேரு மாத்தினா விழற மூணாவது பூட்டை எடுத்துடலாம்னு பரிந்துரை. நான் திண்ணையில உட்கார்ந்து திட்டினது அவங்களுக்கும் தோணியிருக்குன்னு பார்த்ததும் கொஞ்சம் ஆறுதல். ஆனா பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பயிர்க் காப்பீட்டுக்கு மனு போட்டவங்களுக்குத் தெரியும்.

நம்ம டாட் இன் பேருங்களுக்கு விதி போடறது ஐகான் இல்ல, நிக்சின்னு நம்ம அரசு சார்ந்த அமைப்பு. ‘.இந்தியா’ன்னு தமிழ்லயே முடியற பேரும் அவங்க பொறுப்புலதான். தமிழ்ல பேரு விக்கறீங்க, சந்தோஷம். அந்தப் பேரை எப்ப மாத்தலாம், எப்ப மாத்த முடியாது, யாருகிட்ட புகார் சொல்லணும்ங்கறதையும் ஒரே ஒரு பக்கம் தமிழ்ல எழுதி, விக்கற கம்பெனி எல்லாம் காசு வாங்கறதுக்கு முன்னாடி அதைக் காட்டணும்னு ஒரு வரி போடுங்க.  இதுக்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்ல.

நம்ம பக்கத்துல இப்ப உழவர் உற்பத்தியாளர் கம்பெனிங்க நிறைய வந்திருக்கு, மக்காச்சோளம், பருத்தி, முந்திரின்னு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு இணையப் பேரு. பாதிக்கு மேல, பதிஞ்சு கொடுத்த பையன் பேர்லயோ கம்ப்யூட்டர் சென்டர் பேர்லயோதான் இருக்கும்னு நினைக்கறேன். இந்த வாரமே ஒரு வேலை பண்ணுங்க. பேரு யார் பேர்ல, எந்த ஈமெயில்ல இருக்கு, எந்தத் தேதியில முடியுதுன்னு கேட்டு, குழுவோட தீர்மான நோட்டுல எழுதுங்க. கம்பெனியை மாத்தற எண்ணம் இருந்தா முதல்ல அதை முடிங்க, உரிமையாளர் பேரை அப்புறம் மாத்துங்க. கம்பெனியை மாத்தற எண்ணம் இல்லேன்னா, பேரை இப்பவே குழு பேருக்கு மாத்திடுங்க. ரெண்டுல எதுன்னாலும் காலாவதிக்கு நாலு மாசம் முன்னாடி ஆரம்பிக்கணும். கோடு கேட்டா ஈமெயில்லயே கேளுங்க, போன்ல வேண்டாம், தேதி நிக்கணும். அஞ்சு நாள் தாண்டினா டாட் காம் மாதிரிப் பேருக்கு ஐகான் தளத்துல புகார் படிவம் இருக்கு, காசு கிடையாது. டாட் இன்னுக்கு நிக்சிக்கு எழுதுங்க. கம்ப்யூட்டர் சென்டர் மூலமா வாங்கியிருந்தா, "அது அவங்களைக் கேளுங்க"ன்னு பெரிய கம்பெனி கை கழுவப் பார்க்கும். விடாதீங்க, நடுவுல இருக்கற விற்பனையாளருக்கும் சேர்த்து அங்கீகாரம் வாங்கின பதிவாளர்தான் பொறுப்பு.

எங்க பூட்டு மாசி ஆரம்பத்துல திறக்கும். அதுக்குள்ள பட்டறையில இருக்கற வெங்காயத்தை வெளிய எடுத்துடணும், இந்தத் தடவை பனி ஜாஸ்தி.